வேலிக்கதவில் வெயில் கண்ணாடி

என் புருஷன் சிவஞானத்துக்கு ஒரு யோசனை வந்தால் வீட்டில் சோறு குழைந்துபோகும். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குடத்தோடு போயிருப்பேன். திரும்பி வந்தால் அவர் அகப்பையைக் கையில் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பானை பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். நான் கத்துவேன். கத்தி முடித்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். அவருக்குக் கோபமே வராது. "மாரி, ஒண்ணு தோணிச்சு" என்பார். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க எனக்கு நிம்மதி கிடையாது.

மடுல்சீமையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் மூன்று மைல் ஏறினால் எங்கள் தோட்டம். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா வீடுகள் ஒட்டி நிற்கிற லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அவருக்குத் தேயிலை பேக்டரியில் வேலை, எனக்கு மலையில் கொழுந்து எடுக்கும் வேலை. பேக்டரியிலும் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவிலும் கரண்ட் உண்டு. லயத்துக்கு அது இறங்கி வரவில்லை. ஆனாலும் எங்கள் காம்பராவில் ஒரு டீவி இருந்தது. பண்டாரவளையில் கடையில் நிற்கும் என் தம்பி கலர் டீவி எடுத்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டான். அது கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் பதுளை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். சிவஞானம் அதைச் சாக்கில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டு போவார், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வார். பேட்டரித் தண்ணீர் சிந்திச் சிந்தி அவர் உடுத்துகிற சாரம் எல்லாவற்றிலும் மடி இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. லயமே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத்தான் கத்தினேன்.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் எங்கள் காம்பராவைத் தேடி வந்தார். கொழும்பில் டீவிக்காரர்கள் பிள்ளைகளை வைத்துப் பாட்டு நிகழ்ச்சி எடுக்கிறார்களாம். ஐந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்களாம். நடுவில் நின்று பாடப்போவது பாக்கியலெட்சுமியாம். அதற்கு நான் கையெழுத்துப் போடவேண்டுமாம்.

எந்தப் பாக்கியலெட்சுமி என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் பதின்மூன்று வயது மகள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

லயத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது என்பது அன்றைக்குச் சாயங்காலமே வெளிவந்தது. விறகு பொறுக்கப் போகும்போது பாடுவாள் என்றாள் பக்கத்துக் காம்பரா லெட்சுமி. பால் கறக்கும்போது பாக்கியம் பாடினால் தன் பசு காலை உதறாமல் நிற்கும் என்று அவள் புருஷன் வீரய்யா பெருமையாகச் சொன்னார். சிவஞானத்தைப் பார்த்தேன். அவர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். மாட்டுக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

மகளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். அவள் கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னாள். எட்டு வயதில் ஒருநாள் வாசல்படியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாளாம். நான் மழையில் நனைந்து, காலில் அட்டைக்கடியோடு மலையிலிருந்து வந்தேனாம். வந்த வேகத்தில், வாயை மூடு, தகரத்தில் ஆணி கிழிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை யாரையாவது எதையாவது சொல்கிறவள். ஆனால் அவள் அந்த ஒன்றை ஐந்து வருஷம் வைத்திருந்தாள்.

சரி, இப்போது பாடு என்றேன். எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், காற்று மட்டும்தான் வந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான்.

"உன் மூஞ்சியப் பாத்தா வரலம்மா" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அழுது முடித்துக் கையெழுத்துப் போட்டேன். வைகாசியில் கொழும்புக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். ஆடி மாதம் கடைசி ஞாயிறு, மாலை ஐந்தே முக்காலுக்கு டீவியில் போடுவதாகச் சொன்னார்கள். எனக்கு அது போதும். பெட்டிக்குள் நிற்கிறவளுக்கு என் மூஞ்சி தெரியாது. என் மகள் பாடுவதை நான் கேட்க அந்த ஒரு வழிதான் இருந்தது.

அதற்குள் பேட்டரி கிழமாகிவிட்டது. பதுளையில் முழுதாக ஏற்றினால் மடுல்சீமை ரோட்டின் குண்டு குழியில் பாதி இறங்கிவிடும். அரை மணி நேரம் படம் காட்டினால் பெரிய விஷயம். சிவஞானம் மூன்று நாள் அகப்பையும் கையுமாக நின்றார். நான்காம் நாள் பதுளைக்குப் போய், பஜாரில் ரேடியோவும் டோர்ச்சும் விற்கிற இத்ரூஸ் முதலாளியின் கடையிலிருந்து சாக்கில் கட்டிய ஒரு பலகையோடு வந்து இறங்கினார்.

சோலார் தகடு என்றார். வெயிலைக் குடித்துக் கரண்டாகக் கொடுக்குமாம். முதலாளி கொழும்பிலிருந்து மூன்று எடுத்து வைத்திருக்கிறார், பதுளையில் கரண்ட் இருப்பதால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டங்களில்தான் இது ஓடும் என்று அவருக்குக் கணக்கு. அதனால் ஒன்றை எங்களிடம் கொடுத்துவிட்டிருந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. ரோட்டில் போகிற வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் அதை மாட்டவேண்டும், டீவி ஓடுவதை நாலு பேர் பார்க்கவேண்டும். பாக்கியத்தின் நிகழ்ச்சியை முழுதாக ஓட்டிக் காட்டினால் தகடு எங்களுக்கே. ஓடாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்.

சாக்கைப் பிரித்ததும் லயமே கூடிவிட்டது. பாதிக் கதவு அளவில் கருநீலக் கண்ணாடி. லெட்சுமி அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அவளைத் தள்ளிக்கொண்டு இன்னொருத்தி தலை வாரினாள். அன்றைக்கே அதற்கு வெயில் கண்ணாடி என்று பெயர் விழுந்துவிட்டது.

கூரையில் மாட்டலாம் என்று சிவஞானம் ஏணியைச் சாய்த்தார். எங்கிருந்து மோப்பம் பிடித்தாரோ, மலையில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். லயத்துத் தகரம் தோட்டத்துக்குச் சொந்தம், ஒரு ஆணி இறங்கினாலும் துரையிடம் போய்ப் பதில் சொல்லவேண்டும் என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன், சிவஞானம் என் வாயைப் பொத்தாத குறை. ஏணியை அப்படியே தூக்கி லயத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். அங்கே மேட்டில் எங்கள் மரக்கறித் தோட்டம். லீக்ஸ், முட்டைக்கோவா, போஞ்சி. அதைச் சுற்றி நாங்களே ஊன்றிய வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு. வேலி எங்களுக்குச் சொந்தம், ரோட்டுக்கும் தெரியும். கணக்கப்பிள்ளை வேலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு தடித்த கம்புகளுக்கு நடுவே ரோட்டைப் பார்த்தபடி தகட்டைக் கட்டி, வயரை இழுத்துக் காம்பராவுக்குள் பேட்டரியில் கொடுத்தார். புதிதாக ஒரு மெஷின் வந்தால் பொட்டு வைக்காமல் எப்படி? கண்ணாடியின் நடுவில் நான் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். கண் படக்கூடாது என்று லெட்சுமி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள். வெள்ளிக்கிழமை யாரோ சாமந்திப்பூ மாலை போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் டீவி ஒரு மணி நேரம் ஓடியது. வெயிலில் ஓடுகிறது, வெயிலில் ஓடுகிறது என்று பிள்ளைகள் லயத்தைச் சுற்றி ஓடினார்கள். பெரியவர்களும் கொஞ்சம் ஓடினார்கள். ரோட்டில் போன பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து முக்கால் மணி நேரம் ஓடியது. அப்புறம் அரை மணி. அப்புறம் கால் மணி. படம் நடுவில் சுருங்கிப் புள்ளியாகிப் போய்விடும். சிவஞானம் கண்ணாடியை நாளுக்கு மூன்று தடவை துடைத்தார். நான் சந்தனத்தைப் புதுப்பித்தேன். ஆடி கடைசிக்கு இன்னும் ஐந்து வாரம்தான். முதலாளி மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன், என் பாஷையில்.

இத்ரூஸ் முதலாளி அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மூன்று மைல் ஏறி வந்த ஆள், வேலியைப் பார்த்ததும் ரோட்டோரம் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். களைப்பு என்றுதான் நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிக்கிறார்.

"தங்கச்சி, இதுக்கு மூஞ்சியெல்லாம் மூடி வச்சா வெயில் எங்கால போவும்?" என்றார்.

பொட்டையும் மாலையையும் எடுத்தார். பிறகு அதைவிடப் பெரிய காரியத்தைக் காட்டினார். வேலிக்கம்புகள் முள்முருங்கை. நட்டுவைத்தால் தழைக்கிற சாதி. தகட்டைக் கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு கம்பும் துளிர்த்து, முழ நீளத்துக்குக் கிளை விட்டு, கை அகல இலைகளை எங்கள் கண்ணாடிக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தது. அத்தனை பேர் தினமும் பார்த்தோம், ஒருத்தர் மூளையிலும் ஏறவில்லை. வேலி பச்சையாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

முதலாளி போனதும் கத்தியை எடுத்து ஒரு துளிர் விடாமல் சீவினோம். பத்தே நாளில் இரண்டு மடங்காக வந்தது. திரும்பச் சீவினோம், இன்னும் கொழுத்து வந்தது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் கொழுந்து அடித்துக்கொண்டு வரும் என்று பரம்பரையாகத் தெரிந்த கூட்டம் நாங்கள். சம்பளத்துக்குச் செய்கிற அதே வேலையை வேலியில் சும்மா செய்துவிட்டு, ஏன் தழைக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். கடைசியில் வீரய்யாதான் சொன்னார், நீங்கள் வேலிக்குக் கவ்வாத்து வெட்டுகிறீர்கள் என்று. நான் சிரித்துச் சிரித்து லீக்ஸ் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிவஞானம் சிரிக்கவில்லை. அவர் கையில் அகப்பை இல்லை, ஆனால் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வேலிக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. செத்த பலகை, துளிர்க்காது. கீல் இல்லை, ஜீப் டயரை அறுத்து ஆணி அடித்திருந்தோம். சாத்தினால் ரோட்டை, அதாவது கிழக்கைப் பார்க்கும். உள்பக்கம் பாதி திறந்தால் வடக்கைப் பார்க்கும், ஆடிச் சூரியன் சாய்ந்திருக்கிற பக்கம். முழுக்கத் திறந்து வேலியோடு சாய்த்தால் மேற்கைப் பார்க்கும். தகட்டைக் கதவின் வெளிப்பக்கம் மாட்டிவிட்டால், சூரியன் போகிற பக்கமெல்லாம் கதவும் போகும்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. லயமே நின்றதால் கட்டிக்கொள்ளவில்லை. இத்தனை நாளாக இந்த மூளையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கத்தினேன்.

அன்றிலிருந்து எங்கள் வேலிக்கதவு யாரும் போக வர உதவாமல் போய்விட்டது. காலையில் சாத்தியிருக்கும், திறக்கக்கூடாது. பகலில் பாதி திறந்திருக்கும், அசைக்கக்கூடாது. சாயங்காலம் விரியத் திறந்திருக்கும், சாத்தக்கூடாது. மரக்கறி பிடுங்கப் போகிறவர்கள் வேலியில் ஏறிக் குதித்தார்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். சிவஞானத்துக்கு அந்த மாதம் பேக்டரியில் இரவு வேலை. பகலில் தூங்கவேண்டிய மனுஷன் கதவுக்குக் காவல் இருந்தார், மணிக்கொரு தடவை எழுந்து கதவைச் சாண் அளவு தள்ளிவிட்டுத் திரும்பப் படுப்பார்.

எதிர்மலையில் கொழுந்து எடுக்கும் எங்களுக்கு அந்தக் கதவு பளபளவென்று தெரியும். பாதி திறந்திருந்தால் பன்னிரண்டு மணி, கொழுந்து நிறுக்கிற நேரம். கைக்கடிகாரம் கணக்கப்பிள்ளையிடம் மட்டும்தான் இருந்தது, அது அவருக்கு வேண்டியபடி ஓடும். இப்போது நாற்பது பொம்பிளைகள் கூடையோடு நிமிர்ந்து, கதவு திரும்பிவிட்டது என்று அவரிடம் சொல்லத் தொடங்கினோம். ஒருநாள் சிவஞானம் அசதியில் கதவைச் சீக்கிரமே தள்ளிவிட்டார். நாற்பது பேரும் அரை மணி முந்தியே மலையை விட்டு இறங்கிவிட்டோம். கணக்கப்பிள்ளை கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். நின்றுவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டீவி ஒன்றரை மணி நேரம் ஓடியது. வீரய்யாவின் பசு மட்டும்தான் பிரச்சினை. சாயங்காலம் விரியத் திறந்த கதவு அதற்கு வைத்த விருந்தாகிவிட்டது. மூன்று நாளில் கோவா முழுக்கக் காலி. நான் வீரய்யாவைப் பார்த்துக் கத்தினேன், அவர் பசுவைப் பார்த்துக் கத்தினார். ஆடிக் காற்று வேறு கதவைப் பிடுங்கி அடித்ததால், கதவை வேலியோடு ஒரு கயிற்றில் கட்டி வைத்தோம். லீக்ஸ் போனால் போகட்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பேட்டரி நிறையவேண்டும்.

அந்த ஞாயிறு விடிந்தபோது மலையைக் காணவில்லை. பனிமூட்டம். கதவுக்குப் பக்கத்தில் நின்றால் கதவே தெரியவில்லை. மத்தியானம் ஆகியும் கலையவில்லை. நான் வானத்தைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதமுடியாது. பாக்கியம் தண்ணீர் எடுத்தாள், பாத்திரம் கழுவினாள். அவளைப் பார்த்து எல்லோரும், இன்றைக்கு நம் பாக்கியம் வரப்போகிறாள் என்று சொன்னபோதெல்லாம் கூனிக் குறுகினாள். நான் அவள் பக்கமே போகவில்லை. எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று பயம்.

நாலரைக்குச் சூரியன் வந்தது. இத்ரூஸ் முதலாளியும் வந்தார். பன்னிரண்டு காம்பராவும் எங்கள் காம்பராவுக்குள் வந்தது. கட்டிலுக்கு மேல் எட்டுப் பேர், கட்டிலுக்கு அடியில் பிள்ளைகள், ஜன்னலில் அடுத்த லயத்துத் தலைகள். டீவிக்கு நேர் முன்னால் ஒரு பலகைப் பெட்டியைப் போட்டு, அது பெற்றவளுக்கு என்று லெட்சுமி காவல் காத்தாள். நான் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, கல்யாணப் பெண்ணாட்டம் போய் உட்கார்ந்தேன்.

பேட்டரியில் கொஞ்சம்தான் இருக்கிறது, நிகழ்ச்சி தொடங்கும்போதுதான் போடுவேன் என்றார் சிவஞானம். ஐந்தே முக்காலுக்குப் போட்டார். படம் வந்தது. யாரோ ஒரு அம்மா சிரித்தபடி ஏதோ சொன்னார். சரியாக அந்த நேரம் பின்னால் டமார் என்று சத்தம். கதவைக் கட்டிய கயிற்றைப் பசு மென்று தின்றுவிட்டது, காற்று கதவை அறைந்து சாத்திவிட்டது. இங்கே படம் சுருங்கத் தொடங்கியது.

வேறு யாரையும் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. யார் போனாலும் ஒழுங்காகப் பிடிக்கமாட்டார்கள். கட்டிலில் இருந்தவர்களை மிதித்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன், மேட்டில் ஏறினேன், வேலிக்கதவை இழுத்து மேற்கே திருப்பி முதுகைக் கொடுத்துப் பிடித்தேன். உள்ளே ஓ என்று சத்தம் கேட்டது. படம் வந்துவிட்டது.

கதவை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தேன். கதவு ஆடியது. உள்ளே ஐயோ என்றார்கள். ஓடிப்போய்த் திரும்பப் பிடித்தேன். உள்ளே ஓ என்றார்கள். மூன்று தடவை இப்படி. அப்புறம் புரிந்துகொண்டேன், நான் பிடித்தால்தான் அது ஓடும்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று முதலாளி பிறகு சொன்னார். மலைக்குப் பின்னால் விழுகிற அந்த நேரத்து வெயிலில் தகட்டுக்கு ஒன்றும் ஏறாதாம். கதவு எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதானாம். பேட்டரியில் ஒரு வயர் தளர்ந்திருந்ததாம், சிவஞானம் அதைக் கையால் அழுத்தும்போது படம் வந்ததாம், கை வலித்து விடும்போது போனதாம். ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது. என் மகள் என் முதுகில் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, காலைப் பாத்தியில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆர்மோனியம் கேட்டது. அப்புறம் கைதட்டல் போல ஒரு தாளம். பிள்ளைகளின் பாட்டு. மலையைக் கட்டி இழுக்கப்போவதாக ஒரு பொடியன் சொல்வானாம், அதற்கு ஊரெல்லாம் போய் மாடு கேட்பானாம். கூரையையும் கூட்டத்தின் இரைச்சலையும் தாண்டி எனக்கு ஐந்து குரலும் ஒன்றாகக் குழம்பித்தான் வந்தது. அதில் என் பிள்ளை எது என்று பிரிக்கமுடியவில்லை. இரண்டு மாதம் வெயிலைச் சேர்த்துவைத்துவிட்டு, கடைசியில் வேலியோரம் நிற்கிறேன்.

அப்போது அடுப்பு இருக்கும் குசினியின் பின்கதவைத் திறந்துகொண்டு பாக்கியம் வெளியே ஓடிவந்தாள். அத்தனை பேர் நடுவில் தன்னைத் தானே பார்க்க வெட்கம் தாங்காமல் தப்பி வந்தவள், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீ உள்ள இல்லியா?"

"கதவப் புடிச்சிருக்கேன். விட்டா நின்னுரும்."

"நீ போய்ப் பாரும்மா. நான் புடிக்கிறேன்."

"உனக்குப் பலம் பத்தாது. காத்து அடிக்குது."

அவள் வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் நல்ல சேலை, பாத்திச் சேறு, கோணிப்போன பூ, எல்லாவற்றையும் பார்த்தாள். சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டுப் பக்கம் திரும்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மலையைக் கட்டி இழுக்கப்போறேன், மாடு ஒண்ணு தாங்களேன்..."

முதலில் டீவியின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் பாடினாள், ஒரு வரி பின்தங்கி. அப்புறம் ஒளியவில்லை. கதவு என் தோளில் இடித்தது, இடிக்கட்டும். குரலைப் பற்றி என்ன சொல்வது? நன்றாக இருந்தது. பெற்ற வயிற்றுக்குத் தோன்றுவதைச் சொல்லவில்லை, கத்துகிற பொம்பிளைக்குக் காது கூர்மை. நன்றாகவே இருந்தது.

உள்ளே பாட்டு முடிந்தது. கைதட்டல், விசில், ஜன்னல் பலகையில் அடி. அவளுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, துணைக்கு ஒருத்தரும் இல்லாமல் அந்த வரியைத் தனியாகப் பாடி முடித்தாள்.

சிவஞானம் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் லெட்சுமி, வீரய்யா, முதலாளி, லயம் முழுக்க. டீவிக்காரன் பாக்கியத்தின் முகத்தை மூன்று தடவை பெரிதாகக் காட்டினான், நடுவில் நின்றாள், ரிப்பன் அசைந்தது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருத்தராக நான் நிற்கிற இடத்தைப் பார்த்தார்கள். அடப் பாவமே, பெற்றவள் பார்க்கவில்லையே என்றாள் லெட்சுமி. முதலாளி தொப்பியைக் கழற்றிவிட்டார். தகடு உங்களுக்குத்தான் தங்கச்சி, என்று துக்க வீட்டில் சொல்வது போலச் சொன்னார்.

நான் கதவில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தமுடியவில்லை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துச் சிவஞானம் என் தோளைப் பிடித்தார். அவரைத் தள்ளிவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவளிடம் மட்டும்தான் எனக்குப் பேச்சு இருந்தது.

"பாக்கியம்" என்றேன். "இந்தப் பக்கம் திரும்பிப் பாடு."

அவள் வேலியை விட்டாள். மெல்லத் திரும்பினாள். என் மூஞ்சியைப் பார்த்தாள், நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

வந்தது.